தெரியாததற்கும் ஒரு குறியீடு: ஜோர்ஜ் பூல் என்ற சப்பாத்துத் தொழிலாளியின் மகன்

தோட்டத்தில் வேலைக்கு வந்து, கேட்ட அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். வராவிட்டால் பேர் இல்லை. செக்ரோலில் விழுந்த பேர்களைக் கூட்டித்தான் மாதச் சம்பளம். டயகமவில் எந்த லயனுக்குப் போனாலும் இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்ற பேச்சு காதில் விழும்.

மலையகத்து மக்களின் வாழ்க்கை தலைமுறை தலைமுறையாகப் பட்டியல்களுக்குள்தான் நடந்திருக்கிறது. கங்காணியின் பெயர்ப் பட்டியல், பிரஜாவுரிமை விண்ணப்பம், வாக்காளர் இடாப்பு என்று அது நீளும். யுத்தத்தைக் கடந்து வந்தவர்களுக்கும் இது புதிதல்ல. முகாம் பதிவு, மீள்குடியேற்றப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல், காணாமலாக்கப்பட்டோர் பட்டியல். ஒவ்வொன்றிலும் ஒரு பெயருக்கு எதிரே யாரோ ஒருவர் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதுகிறார். அந்த ஒரு குறியில் ஒரு குடும்பத்தின் பல வருடங்கள் தங்கியிருக்கின்றன.

அந்த ஆமையும் இல்லையையும் 1, 0 என்று எழுதி, அவற்றைக் கொண்டு கணக்குப் போடலாம் என்று காட்டியவர் ஜோர்ஜ் பூல். இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஓடும் ஒவ்வொரு நிரலிலும் அவருடைய கணக்கு இருக்கிறது. கணினி என்ற பொருளை அவர் கண்டதே இல்லை. அவர் இறந்து 160 வருடங்களுக்கு மேலாகிறது.

ஒரு கட்டுரைக்காக டயகமவில் தங்கியிருந்தபோது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் சில பிள்ளைகளுடன் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. பிற்பகலில் மூட்டம் இறங்கினால் எதிர் லயன் தெரியாது. தருக்கப் படலைகள் என்ற பாடத்தில் நின்றோம். படலை யாழ்ப்பாணத்துச் சொல். டயகமப் பிள்ளைகளுக்கு அது கேட். அதை விளங்கப்படுத்தியதும் ஒரு பிள்ளை அடுத்ததைக் கேட்டாள். பூலியன் என்கிறார்களே, அது யாருடைய பெயர்?

அவளுக்குச் சொல்ல நேரமில்லாமல் போன கதை இது.

லிங்கன் நகரத்துப் பையன்

ஜோர்ஜ் பூல் 1815 நவம்பர் 2ஆம் திகதி இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். தகப்பன் ஜோன் பூல் சப்பாத்துத் தைப்பவர். தாய் கல்யாணத்துக்கு முன்னர் வசதியானவர்கள் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். தகப்பனுக்குச் சப்பாத்துத் தோலைவிடத் தொலைநோக்கிக் கண்ணாடிகளில்தான் மனம் போனது. கடை நொடிந்தது. ஆனால் மகனுக்கு முதலில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

பையனின் பாடசாலைப் படிப்பு ஆரம்பக் கல்வியோடும் கொஞ்சம் வணிகப் படிப்போடும் முடிந்தது. ஊரில் இருந்த ஒரு புத்தகக் கடைக்காரரிடம் இலத்தீன் படித்தார். கிரேக்கம், பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன் எல்லாம் புத்தகத்தை வைத்துத் தானாகப் படித்தவை. 14 வயதில் ஒரு கிரேக்கக் கவிதையை மொழிபெயர்த்தார், உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பிரசுரித்தது. உடனே ஒரு பாடசாலை ஆசிரியர், இந்த வயதுப் பையன் இதைச் செய்திருக்க முடியாது என்று பத்திரிகைக்கு எழுதினார். தோட்டத்துப் பிள்ளை நல்ல பெறுபேறு எடுத்தால் யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்கும் குரல் எங்களுக்குத் தெரியாததா?

16 வயதில் அவர் டொன்காஸ்டர் நகரில் உதவி ஆசிரியரானார். அந்தச் சம்பளத்தில் பெற்றோரும் சகோதரங்களும் வாழ வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும், தேவாலயத்துக்குள்ளும்கூட, கணக்குப் பார்க்கிறார் என்ற முறைப்பாடு வந்து அந்த வேலை போனது. 19 வயதில் லிங்கனில் சொந்தமாக ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினார்.

பகலில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, இரவில் பிரெஞ்சுக் கணித மேதைகளான லாக்ரான்ஜ், லாப்லாஸ் ஆகியோரின் நூல்களைத் தனியாகப் படித்தார். விளங்காத இடத்தில் கேட்க ஆளில்லை. ஒரு பக்கத்தில் நாட்கணக்காக நின்று, விளங்கிய பிறகு அடுத்த பக்கம் போனார். லிங்கனில் உழைப்பாளிகளுக்காக அமைந்த ஒரு கல்வி நிலையம் இருந்தது, அதன் வாசிப்பறை அவருக்கு உதவியது. வசதியும் படிப்பும் உள்ள ஓர் ஊர்ப் பெரியவர் தன் புத்தகங்களைக் கடன் கொடுத்தார். கேம்பிரிட்ஜ் போய்ப் பட்டம் எடுக்கும் யோசனையும் வந்தது. போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதை விட்டுவிட்டார்.

பட்டம் இல்லாமலே 1840களின் தொடக்கம் முதல் கேம்பிரிட்ஜ் கணித இதழில் அவருடைய கட்டுரைகள் வந்தன. 1844இல் லண்டன் றோயல் சங்கம் அவருடைய ஓர் ஆய்வுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அப்போது அவர் ஊர்ப் பாடசாலை ஆசிரியர்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1847இல் லிங்கனில் கடை ஊழியர்களின் நீண்ட வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்ட இயக்கத்தில் பூல் முன்னின்றார். வேலை நேரம் குறைந்தால் கிடைக்கும் ஓய்வில் மனிதன் எதைச் செய்ய வேண்டும் என்று ஓர் உரையும் நிகழ்த்தினார். ஓய்வு என்பது படிக்கவும் சிந்திக்கவும் வேண்டிய நேரம் என்பது அவர் வாதத்தின் சாரம். இரவில் கண்விழித்துப் படித்த ஒருவருக்கு அது வெறும் பேச்சல்ல.

மதுரையில் பிறந்த நண்பர்

அதே 1847இல் தருக்கத்தைக் கணிதமாக எழுதும் அவருடைய முதலாவது சிறு நூல் வந்தது. அந்த நேரத்தில் தருக்கம் பற்றி ஒகஸ்டஸ் டி மோர்கன் என்ற கணிதப் பேராசிரியருக்கும் ஒரு தத்துவப் பேராசிரியருக்கும் இடையில் பகிரங்கச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பூல் பேனாவை எடுத்தார். டி மோர்கன் 1806இல் பிறந்தது மதுரையில். கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார். பாடசாலையில் தருக்கப் படலைகளோடு சேர்த்துப் படிக்கும் டி மோர்கன் விதிகள் இவருடையவை. பூலுக்கு நெருங்கிய கடித நண்பரானவரும் இவரே.

1849இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் புதிதாகத் தொடங்கிய குயின்ஸ் கல்லூரியின் முதலாவது கணிதப் பேராசிரியராகப் பூல் நியமிக்கப்பட்டார். ஒரு பல்கலைக்கழகப் பட்டமும் இல்லாத பேராசிரியர். அவர் போய் இறங்கிய நாடு உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அழிந்துகொண்டிருந்தது. 1845இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் சுமார் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் தமிழகத்திலிருந்து எங்கள் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, கோப்பித் தோட்டங்களை நோக்கிக் காட்டு வழியில் நடந்து, அந்த வழியிலேயே நோயில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தீவுகளுக்கும் ஆட்சி ஒன்று.

கோர்க்கில் இருந்தபடியே 1854இல் பூல் தன் பெரிய நூலை வெளியிட்டார். சிந்தனையின் விதிகளை ஆராய்வதாகத் தலைப்பிட்ட நூல் அது.

நூலுக்குள் இருப்பது

ஒரு கூட்டத்தை ஓர் எழுத்தால் குறிப்போம் என்கிறார் பூல். கொழுந்து பறிப்பவர்கள் ஓர் எழுத்து, தோட்டத்தில் குடியிருப்பவர்கள் இன்னோர் எழுத்து. இரண்டு எழுத்தையும் பெருக்கினால் இரண்டு கூட்டத்திலும் இருப்பவர்கள் மட்டும் வருவார்கள். 1 என்றால் எல்லாரும். 0 என்றால் ஒருவரும் இல்லை. 1இலிருந்து ஒரு கூட்டத்தைக் கழித்தால் அதற்கு வெளியே இருப்பவர்கள்.

பறிப்பவர்களைப் பறிப்பவர்களோடு பெருக்கினால் யார் வருவார்கள்? பறிப்பவர்களேதான். ஒருவரை இரண்டு தரம் கூப்பிட்டாலும் ஆள் ஒருவர்தான். அதாவது ஓர் எழுத்தின் வர்க்கம் அதே எழுத்து. சாதாரண எண்களில் இந்த விதிக்கு அடங்குபவை இரண்டே இரண்டு: 0, 1. பூல் தன் முழுக் கணக்கையும் கட்டியது இந்தச் சிறிய அவதானத்தின் மேல்தான்.

இயந்திரத்தோடு இது சேர 80 வருடங்களுக்கு மேல் பிடித்தது. 1937இல் அமெரிக்காவில் குளோட் ஷனன் என்ற மாணவர், மின்சுற்றில் ஆளி மூடியிருப்பதை 0 என்றும் திறந்திருப்பதை 1 என்றும் கொண்டால் பூலின் அட்சரகணிதம் அப்படியே பொருந்தும் என்று தன் முதுமாணி ஆய்வில் நிறுவினார். கணினிச் சுற்றுகள் அதிலிருந்து வளர்ந்தன.

இன்று கணினியில் ஒரு கோப்பைத் திறந்து உள்ளே போனால், அது படமோ பாட்டோ பட்டியலோ, கடைசியில் இருப்பது 1, 0 என்ற பிட்கள்தான். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். கோப்பிலிருந்து ஒரு தனிப் பிட்டை மட்டும் கிள்ளி எடுக்க முடியாது. அது இருக்கும் பைட்டை முழுதாக எடுத்து, வேண்டிய இடத்தை மட்டும் பார்த்து அல்லது மாற்றி, முழுதாகத் திரும்ப வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் 7 பேருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அந்தக் காவலைச் செய்வது பூலின் கணக்கு.

8 பேரின் வரவை ஒரு பைட்டில் எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்: 10110010. வலப்பக்கத்திலிருந்து 0, 1, 2 என்று இடங்களை எண்ணுவார்கள். 4ஆம் இடத்தில் இருப்பவர் வந்தாரா? அந்த இடத்தில் மட்டும் 1 வைத்த 00010000 என்ற இன்னொரு பைட்டை எடுத்து, இரண்டையும் இடத்துக்கு இடம் பெருக்க வேண்டும். நிரலாளர்கள் இதை மாஸ்க் என்பார்கள். மற்ற எல்லா இடமும் 0 ஆகிவிடும், 4ஆம் இடம் மட்டும் உள்ளபடி தெரியும். விடை 00010000. அவர் வந்திருக்கிறார்.

2ஆம் இடத்தில் இருப்பவர் பிந்தி வந்தார், அவருக்கு 1 போட வேண்டும். 00000100 என்பதை, இரண்டில் ஒன்றிலாவது 1 இருந்தால் 1 என்ற விதியால் சேர்த்தால் 10110110. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. 5ஆம் இடத்தில் தவறாக 1 விழுந்துவிட்டது, அழிக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் 0 வைத்த 11011111 என்பதால் பெருக்கினால் 10010110. ஓர் இடத்தைத் தலைகீழாக்க வேண்டுமென்றால், இரண்டும் வேறுபட்டால் மட்டும் 1 என்ற விதி இருக்கிறது.

பூல் எழுதியது அப்படியே இன்றைய வடிவத்தில் இல்லை. அவருடைய கூட்டல், ஒருவரையொருவர் தொடாத கூட்டங்களுக்கு மட்டும் உரியது. ஒன்றிலாவது இருந்தால் 1 என்ற இன்றைய வடிவத்தைப் பின்னால் வந்தவர்கள் திருத்தி அமைத்தார்கள். ஆனால் அடித்தளம் அவருடையது.

மூன்றாவது விடை

டயகமவில் நாங்கள் இந்த வரவுப் பைட்டைக் கொப்பியில் எழுதிப் பார்த்தபோது அதே பிள்ளை இன்னொன்றும் கேட்டாள். ஓர் ஆள் வந்தாரா இல்லையா என்று தெரியாவிட்டால் எதைப் போடுவது?

சரியான கேள்வி. ஒரு பிட்டில் அதற்கு இடமில்லை. அதைவிட ஆபத்தான விஷயம், புதிதாகத் தயாரிக்கும் பைட் வழக்கமாக 00000000 என்றுதான் தொடங்கும். ஒருவரையும் விசாரிக்கும் முன்னரே எல்லாருக்கும் இல்லை என்று எழுதியாயிற்று. விசாரித்து இல்லை என்று அறிந்த 0வும், விசாரிக்கவே இல்லாத 0வும் பார்வைக்கு ஒன்றுதான். பின்னால் கோப்பைத் திறப்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

பூலின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் ஆம், இல்லை என்று இரண்டாகப் பிளக்கிறார்கள். பூலின் நூலில் ஆனால் தெரியாததற்கும் ஒரு குறியீடு இருக்கிறது. அது 0இன் கீழ் 0. எந்த எண்ணை 0ஆல் பெருக்கினால் 0 வரும்? எந்த எண்ணும் வரும். ஆகவே விடை எதுவாகவும் இருக்கலாம். பாடசாலையில் இதைத் தொடாதே என்று சொல்லித் தருவார்கள். பூல் தொட்டார்.

கொழுந்து பறிப்பவர்கள் எல்லாரும் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் என்று ஒரு தகவல் கிடைக்கிறது என்போம். அப்படியானால் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் யார்? பூலின் முறையில் சமன்பாட்டைத் தீர்த்தால், பறிப்பவர்களின் முன்னால் 1 வருகிறது. அவர்கள் எல்லாரும் உண்டு. பறிக்காதவர்களின் முன்னால் 0இன் கீழ் 0 வருகிறது. அவர்களில் எல்லாரும் இருக்கலாம், சிலர் இருக்கலாம், ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம். கிடைத்த தகவல் அதைச் சொல்லவில்லை, ஆகவே நாமும் சொல்லக் கூடாது. பூல் அந்த இடத்தில் 0 போடவில்லை. தெரியாது என்பதைத் தெரியாது என்றே கடைசி வரி வரை கொண்டுபோனார்.

நல்ல நிரலாளர்களும் அதையே செய்கிறார்கள். ஓர் ஆளுக்கு 2 பிட் ஒதுக்குவார்கள். முதலாவது, விடை தெரியுமா என்பது. இரண்டாவது, தெரிந்தால் அது என்ன என்பது. முதலாவது 0 என்றால் இரண்டாவதை வாசிக்கவே கூடாது. ஒரு பிட் அதிகம் செலவு. அவ்வளவுதான்.

எங்கள் கோப்புகள்

அந்த ஒரு பிட் செலவழிக்கப்படாத பட்டியல்களில்தான் நாங்கள் வாழ்ந்திருக்கிறோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பத்திரத்தால் நிரூபி என்றது. பத்திரம் கொடுக்கப்படாத ஒரு சமூகத்திடம் அதைக் கேட்டது. நிரூபிக்க முடியாதது இல்லை என்று எழுதப்பட்டது.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரின் நிலை பிறகு பார்க்கப்படும். அந்த எண்கள் எழுதப்பட்டபோது எந்த லயனில் இருக்கும் எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. 150,000 பேர் 10 வருடம் 0இன் கீழ் 0ஆகக் கிடந்தார்கள். 1974இல் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று இரண்டு நாடுகளும் பங்கிட்டன. எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் பலர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காட்டை வெட்டிக் குடிசை போட்ட அவர்களும் பிள்ளைகளும் 2009ஆம் ஆண்டின் இறுதிப் போருக்குள் அகப்பட்டார்கள். ஒரு பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள் இன்னொரு பட்டியலில் ஏறினார்கள்.

காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு அரசாங்கம் முதலில் வைத்திருந்தது இரண்டு கட்டம்தான். உயிரோடு இருக்கிறார் அல்லது இறந்துவிட்டார். 2010ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டம் மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. இறந்தார் என்று தெரியாமல் இறந்தார் என்று கையெழுத்திடுவது எப்படி? 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் சேர்க்கப்பட்டது. பூல் 1854இல் எழுதிய மூன்றாவது விடை ஓர் அரச படிவத்தில் ஏறிய நாள் அது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பூலிடம் அந்தக் குறியீடு கணக்கின் முடிவு அல்ல. இந்தப் பகுதியைப் பற்றி இன்னும் தகவல் வேண்டும் என்று அது கேட்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாக உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் அதைத்தான். எந்தச் சான்றிதழும் வேண்டாம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. தெரியாது என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவதும், 0 போட்டு மூடுவதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

ஐந்து பெண் பிள்ளைகளும் ஒரு தாயும்

பூல் 1855இல் மேரி எவரெஸ்டைத் திருமணம் செய்தார். இந்தியாவின் நில அளவை அதிபதியாக இருந்து, பின்னர் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜோர்ஜ் எவரெஸ்டின் பெறாமகள் இவர். ஐந்து பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

1864 நவம்பரில் ஒரு நாள் பூல் வீட்டிலிருந்து கல்லூரிக்கு 3 மைல் அளவு தூரத்தைக் கொட்டும் மழையில் நடந்து போனார். நனைந்த உடுப்போடே விரிவுரை நடத்தினார். காய்ச்சல் பிடித்தது. நோயைக் கொடுத்ததே மருந்தாகும் என்று நம்பிய மனைவி ஈரத் துணியால் சுற்றி வைத்ததாகச் சொல்வார்கள். டிசம்பர் 8ஆம் திகதி அவர் இறந்தார். வயது 49. மூத்த மகளுக்கு 8 வயது, கடைசிக் குழந்தைக்கு 7 மாதம்.

மேரி லண்டனுக்கு வந்து, பெண்கள் படிக்கும் ஒரு கல்லூரியில் நூலகராக வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மூன்றாவது மகள் அலீசியா, பல்கலைக்கழகம் போகாமலே, நான்கு பரிமாண வடிவங்களின் கணிதத்தில் பெயர் எடுத்தார். லூசி இரசாயனவியலாளரானார். கடைசி மகள் எத்தல் நாவலாசிரியையானார்.

மேரி சிறு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். 1909இல், 77 வயதில், பிள்ளைகளுக்கென்று அட்சரகணிதம் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். மனிதர்கள் தமக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்ததுபோல் நடிக்காமல், தெரியாது என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்தபோதுதான் அட்சரகணிதம் பிறந்தது என்று அதில் விளக்கினார். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு, அது என்னவென்று தெரியும் வரை கணக்கைத் தொடர வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.